சிரித்த வாயும் உழைத்த கையும்

நகைக்கவைப்பவனை உலகம் விரும்பும்; ஆனால் மதியாது. அழவைப்பவனுக்கு மாலை, சிரிக்கவைப்பவனுக்குக் கைத்தட்டல் என்று மக்கள் என்றோ பங்கிட்டு வைத்துவிட்டனர். நம் தெருக்கூத்தையே பாருங்கள். கட்டியக்காரன் இல்லாமற் கூத்து ஓரடியும் நகராது. ஆட்டமும் பாட்டும் அரசன் வேடக்காரனைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆயினும் பொழுது விடிந்து வீடு திரும்புவோர் அரசனைப் பற்றியே பேசிக்கொண்டு போவர். நாம் இங்கு எழுதப் புகுந்தது அத்தகைய கட்டியக்காரர் ஒருவரைக் குறித்து. அவர் நம்மவரல்லர், அமெரிக்க நாட்டில், நியூயார்க் நகரில், ஹார்லம் என்னும் பகுதியில் வளர்ந்த கறுப்பினத்தவர். தாமஸ் ரைட் வாலர் என்பது பெற்றோர் இட்ட பெயர். உடற்பருமன் கண்டு ஊரார் இட்ட பெயர் ஃபேட்ஸ் வாலர். 'தடியர் வாலர்' என்று தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். 1904-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பிறந்து, 1943-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ஆம் நாள் மறைந்தார். நாற்பது வயதை அவர் காணவில்லை. அதற்குள் அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளோ நூற்றுக்கணக்கின.

அத்தட்டுகளை நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். கொள்கைப் பிடிப்புள்ள அன்பர் சிலர் அதுகுறித்து நம்மைக் கடிந்துகொள்வதுண்டு. திரைப்படங்களில் அவர் புருவத்தை நெரிக்கிறார், கண்ணை உருட்டுகிறார், தொப்பியைக் கோணலாகச் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். மேலேறி நின்ற இனத்தாரை மகிழ்விக்க, தாழ்த்தி வைக்கப்பட்ட இனத்தவன் ஆடும் ஆட்டமன்றோ இது? தன்மானம் பேசுவோர் இதனைக் கேட்டு மகிழ்தல் தகுமோ? இவ்வாறு வினவுகின்றனர். நேர்மையான வினா. ஒரு சொல்லால் தள்ளிவிடத் தக்கதன்று. இதற்கு விடையை வாதத்திற் காண்பதினும் தட்டுகளிலேயே காண்பது நன்றெனக் கொண்டோம்.

வாலரின் தந்தையார் எட்வர்ட் வாலர், வர்ஜீனியா மாநிலத்தினின்று நியூயார்க்கிற் குடியேறியவர். பக்தி மிக்கவர், ஹார்லம் தெருமுனைகளில் நின்று சமயப் பிரசங்கம் புரிவார். சிறுவன் தாமஸ் பக்கத்தில் அமர்ந்து ஆர்மோனியம் வாசிப்பான். ஆர்மோனியப் பெட்டியோடு தெருவில் நிகழும் பஜனையையும் பிரசங்கத்தையும் கண்டு பழகிய நம்மவர்க்கு இக்காட்சி அயலானதன்று. மகன் தேவாலயத்துக்கே உரியவனாக வேண்டுமென்பது தந்தையின் அவா. மகனோ 15 வயதளவில், 135-ஆம் தெருவிலிருந்த லிங்கன் தியேட்டர் என்னும் கொட்டகையில் ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசிக்கும் வேலையில் அமர்ந்துவிட்டான். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய கவுண்ட் பேஸி அவரோடு ஒத்த வயதினர்; அக்கொட்டகையில் வாலரின் அருகிலிருந்து, மிதிகட்டைகளின்மேல் அவர் கால்கள் ஓடும் வகையைக் கண்டு கண்டு ஆர்கன் பயின்றவர். 1920-இல் வாலரின் தாயார் மறைந்தார். அதன்பின் அவர் தந்தையின் இல்லத்தினின்று நீங்கி, பியானோ வாசிக்கும் நண்பர் ஒருவரின் குடும்பத்தில் தங்கலானார்.

அவ்வீட்டில் தானே வாசிக்கும் பியானோ ஒன்று இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளை அதிற் பொருத்தி மிதித்தால், கைபடாமலே கட்டைகள் தாழ்ந்தெழும். ஜேம்ஸ் பி. ஜான்சன் என்பவர் அந்நாளில் ஹார்லம் பியானோக்காரர்க்கெல்லாம் தலைவர். 'கரோலினா ஷவுட்' என்னும் அவருடைய உருப்படி சுருளாக வெளிவந்திருந்தது. வாலர் சுருளை மெல்ல மெல்ல ஓட்டுவார். எந்தக் கட்டை தாழ்கிறதோ அதன்மேல் தம் விரலை வைப்பார். ஆசானின் விரல் சென்ற தடத்தில் தம் விரலைச் செலுத்திக் கற்ற ஏகலைவப் படிப்பு அது. ஒரு வேறுபாடு: அந்த ஏகலைவனிடம் ஆசான் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினான், இங்கே ஜான்சன் மாணவனை நேரிற் கண்டதும் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, அக்கட்டைவிரலுக்கு இன்னும் வேலை கொடுத்தார்.

அவ்வாசிப்பின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். ஸ்ட்ரைட் என்று அதற்குப் பெயர். கால்களை அகல வைத்து நடத்தல் என்பது பொருள். நடப்பது இடக்கை. தாளம் நான்கு எண்ணிக்கையுடையது. ஒன்றிலும் மூன்றிலும் இடக்கை பியானோவின் கோடிக்குச் சென்று தாழ்ந்த சுரத்தை ஒலிக்கும். இரண்டிலும் நான்கிலும் அங்கிருந்து தாவி நடுவிடத்துக்கு வந்து மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே அழுத்தும். மறுபடியும் கோடி, மறுபடியும் நடு. இடையிலுள்ள தொலைவு ஒரு சாண். சிலவேளை அதற்கும் மிகுதி. விரைந்த உருப்படியில் ஒரு நொடிக்குள் நான்குமுறை கை இடம் மாறவேண்டும். கண்ணாற் பார்த்துத் தாவ நேரமேது? மிருதங்கத்தில் வலந்தலை ஒரு கைக்கும் இடந்தலை மறுகைக்கும் உரியவை. இங்கோ இடக்கை ஒன்றே இரண்டு தலையையும் காக்கிறது. வலக்கைக்கு விடுதலை. அது மெட்டைப் பாடும். தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் நின்று குறும்பு செய்யும்.

வாலரின் கை மிகப் பெரியது. பத்து வெண்கட்டைகள் அடங்கும் அகலத்தை ஒரே விரிப்பில் எளிதிற் பற்றுவார். சிறிய கையுடையார் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறி ஒலிக்கவேண்டிய சுரக்கூட்டை அவர் ஒரே அழுத்தில் எழுப்பினார். அதனால் அவர் வாசிப்பின் அடித்தளம் கனத்தும், அதேவேளையில் மெத்தென்றும் இருக்கிறது. வேகம் எவ்வளவு மிகினும் மூச்சிரைப்புக் கேட்பதில்லை. உடல் பருத்தவர் சிலர் பஞ்சுபோல் அடிவைத்து ஆடுவதை நாம் கண்டதுண்டு. அந்த நயம் அவர் விரல்களில் இருந்தது.

இக்கலை அரங்குகளில் வளர்ந்ததன்று. வாடகை கொடுக்க வகையற்ற வீடுகளில் வளர்ந்தது. நியூயார்க் நகரின் பிற பகுதிகளிற் கறுப்பினத்தார்க்கு வீடு கொடுப்பாரில்லை. ஆகவே ஹார்லத்தில் வீட்டுக்காரர் கேட்டதே வாடகையாயிற்று. வெள்ளையர் தருவதினும் மிகுதியான வாடகை. வெள்ளையர் பெறுவதினும் குறைந்த கூலி. என் செய்வர்? சனிக்கிழமை இரவில் தம் வீட்டிலேயே விருந்து வைப்பர். சீட்டு அச்சிட்டு அக்கம்பக்கத்திற் கொடுப்பர். உள்ளே நுழையச் சில காசு. பொரித்த மீனுக்குச் சில காசு. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் நடந்தமையால் மது மறைவாக வரும். கூடத்தில் ஒரு பியானோ. அதன்முன் விடியுமட்டும் வாசிக்கவல்ல ஓர் ஆள். ஜான்சனும், 'சிங்கம்' எனப் பட்டம் பெற்ற வில்லி ஸ்மித்தும், வாலரும் ஒருவரையொருவர் வெல்ல முனைந்து கைத்திறம் வளர்த்தது அங்கேதான். முழவில்லை, பிற வாத்தியமில்லை, ஒரு கூட்டமே ஆடியாகவேண்டும். ஆகையினாற்றான் இடக்கை அவ்வளவு உழைத்தது. இடக்கை தளர்ந்தால் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் கூட்டம் கலையும். கூட்டம் கலைந்தால் வாடகைக்குக் காசில்லை. காசில்லையேல் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் கிடக்கும். லயத்து வாழ்வின் நெருக்கடியையும் கைமாற்றுக் கடனையும் அறிந்த குடும்பங்களில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

அவ்விரவுகளைக் காட்டும் தட்டு ஒன்றுண்டு: 1937-இற் பதிவான 'தி ஜாயிண்ட் இஸ் ஜம்பின்'. ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே விருந்தொன்றை நடத்திக் காட்டிவிட்டார் வாலர். பேச்சு, கூச்சல், சிரிப்பு, போலீஸ் ஊதல் எல்லாம் அதில் உண்டு. வெறும் கூத்தென்று கேட்போர் கேட்கலாம். வாடகைக் கதை தெரிந்தவர்க்கு அக்கூச்சலின் அடியில் வேறொன்றும் கேட்கும்.

அவர் முதன்முதல் தட்டில் வாசித்தது 1922-இல். ஓக்கே கம்பெனிக்கு இரண்டு உருப்படிகள். வயது 18. ஒலிவாங்கி வழக்குக்கு வருமுன், குழலின் வாயிலாக ஒலியைப் பிடித்த காலத்துப் பதிவு அது. வரலாறு தேடுவார்க்கன்றிப் பிறர்க்கு அதனாற் பெரும்பயனில்லை. 1929 மார்ச்சு முதல் நாளே நாம் போற்றும் நாள். அன்று விக்டர் கம்பெனியில் அவர் ஒரு சிறு குழுவோடு இரண்டு உருப்படிகளும், தனித்திருந்து இரண்டு உருப்படிகளும் பதிந்தார். குழுவில் பாஞ்சோ வாசித்த எட்டி காண்டன் வெள்ளையர். இரு நிறத்தாரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தல் அரிதாயிருந்த நாள் அது. தட்டு சுழலும்போது நிறம் தெரிவதில்லை, ஒலிதான் தெரிகிறது.

தனி உருப்படிகளுள் ஒன்று 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்'. 'கை நிறையக் கட்டைகள்' என்று பெயர்க்கலாம். அக்காலத்துப் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் கொள்ளும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனிதர் மாடிப்படிகளில் துள்ளி ஏறுவதும், கைப்பிடியிற் சறுக்கி இறங்குவதும், ஒரு படியில் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக வலக்கை விளையாடுகிறது. இடக்கை அந்த வீட்டைத் தாங்கும் தூண். ஓரிடத்திலாவது அது விரையவில்லை, ஓரிடத்திலாவது பின்தங்கவில்லை. மற்றொன்று 'நம்ப் ஃபம்ப்ளின்'. மெல்ல நடக்கும் புளூஸ். விரைந்து வாசிப்பவர் பலர் மெல்ல வாசிக்கும்போது வெறுமையாகிவிடுவர். இவர் மெல்ல வாசிக்கும்போதுதான் எத்துணை நுண்மை கையில் இருந்ததென்று தெரிகிறது. 1934 நவம்பரிற் பதிந்த தனி உருப்படிகளில் 'வைப்பர்ஸ் டிராக்' என்பதையும் விட்டுவிடலாகாது. தாழ்ந்த சுரங்களில் இருட்டில் எதுவோ ஊர்ந்துவருவதுபோல் தொடங்கும். திடீரென்று கதவைத் திறந்துவிட்டாற்போல் வெளிச்சமும் ஓட்டமும் வரும். பின் மீண்டும் இருட்டு. சிரிப்பாணி என்று பெயரெடுத்தவர் எழுதிய இருட்டு அது.

இனி அவருடைய பாடல்கள். சொல் தந்தவருள் முதன்மையானவர் ஆண்டி ரஸாஃப். இந்துமாக்கடலின் மேற்கே கிடக்கும் மடகாஸ்கர் தீவின் அரச மரபைச் சார்ந்தவர் அவர் தந்தை. தாய், அத்தீவில் அமெரிக்கக் கான்சலாயிருந்த கறுப்பினத்தவர் ஒருவரின் மகள். 1895-இல் பிரெஞ்சுக்காரர் தீவைப் பிடித்தபோது குடும்பம் சிதறியது. அவ்வாண்டு டிசம்பரில் ரஸாஃப் வாஷிங்டனிற் பிறந்தார். அரச மரபின் பிள்ளை நியூயார்க்கில் பாட்டெழுதிப் பிழைத்தார். 'ஹனிசக்கிள் ரோஸ்', 'ஏன்ட் மிஸ்பிஹேவின்' ஆகிய புகழ்மிக்க பாடல்கள் இவர்கள் கூட்டில் 1929-இற் பிறந்தவை. அதே ஆண்டில் வாலர் இவைபோன்ற பல பாடல்களின் உரிமையை 500 அமெரிக்க வெள்ளிக்கு விற்றுவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவை பின்னர் ஈட்டிய செல்வம் பிறர் பெட்டிக்குப் போயிற்று. வாலரைக் குற்றமற்றவராக்க நாம் முயலோம். காசைத் தண்ணீராக இறைத்தார். மிகுதியாகக் குடித்தார். பிரிந்துபோன முதல் மனைவிக்குத் தரவேண்டிய ஜீவனாம்சத்தைத் தராமற் சிறையும் சென்றார். அந்த அம்மையாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவர் நகைச்சுவையாளர் அல்லர். ஆனால் அவசரப்பட்டவனிடம் பாட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கியவரின் குற்றம் இதனாற் குறைந்துவிடுவதில்லை.

1929-இல் 'ஹாட் சாக்லேட்ஸ்' என்னும் இசைநாடகத்துக்கு இவ்விருவரும் பாட்டமைத்தனர். அதிற் பிறந்த பாட்டொன்றைப் பற்றி ரஸாஃப் பின்னாளில் ஒரு செய்தி சொன்னார். நாடகத்துக்குப் பணம் போட்டவருள் டச்சு ஷுல்ட்ஸ் என்னும் கொலைகாரக் கூட்டத் தலைவனும் ஒருவன். கறுத்த நிறமுடைய பெண்ணொருத்தி தன் நிறத்தை நொந்து புலம்பவேண்டும். அது கண்டு அவை சிரிக்கவேண்டும். அப்படியொரு பாட்டுத் தருக என்று அவன் மிரட்டினானாம். ரஸாஃப் எழுதினார். வாலரும் ஹாரி புரூக்ஸும் மெட்டமைத்தனர். 'பிளாக் அண்ட் புளூ' என்பது அப்பாட்டு. முற்பகுதி அவன் கேட்டபடியே போயிற்று, அவையும் சிரித்தது. போகப்போகப் பாட்டு திரும்பிற்று. நிறம் ஒன்றினாலேயே ஒருவர்க்கு இழைக்கப்படும் அநீதியை நேர்நின்று கேட்டது. சிரிப்பு அடங்கிற்று. முடிவில் மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தமையால் ரஸாஃபின் தலை தப்பியது. லூயி ஆம்ஸ்ட்ராங் அதே ஆண்டில் இதனைத் தட்டிற் பாடியபோது, பெண்ணின் புலம்பலை விட்டுவிட்டு, அநீதியைக் கேட்கும் பகுதியையே எடுத்துக்கொண்டார். அமெரிக்க நாடக மேடையில் நிறக்கொடுமையை வெளிப்படையாகப் பேசிய முதற் பாட்டுகளுள் அஃது ஒன்று. நகைக்கு விலை பேசியவனின் பணத்திலேயே நகைப்பவனைக் கேள்வி கேட்டனர்! முற்கூறிய அன்பர்களின் வினாவுக்கு விடையில் ஒரு பங்கு இங்குக் கிடைக்கிறது. மறுபங்கு, வெறும் வேடிக்கை என்று எண்ணப்படும் தட்டுகளிலேயே உண்டு.

1934 மே மாதத்தில் வாலர் 'ஃபேட்ஸ் வாலரும் அவர் ரிதமும்' என்ற பெயரில் ஒரு சிறு குழுவோடு விக்டர் கம்பெனிக்குப் பதியத் தொடங்கினார். டிரம்பெட்டுக்குப் பெரும்பாலும் ஹெர்மன் ஆட்ரே. கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் ஜீன் செட்ரிக். கிதாருக்கு ஆல் கேசி. இக்குழு 1942 வரை பதிந்த தட்டுகளே அவரை உலகறியச் செய்தவை. பாட்டுகளைத் தேர்வதில் அவர்க்கு முழு உரிமையிருந்ததில்லை. பாட்டு அச்சிடுவோர் புதிது புதிதாகக் கொண்டுவந்து குவிப்பர். அவற்றில் நல்லனவும் உண்டு. நிலவு, நெஞ்சம், கண்ணீர் என்ற மூன்று சொற்களை முன்பின்னாக மாற்றி எழுதிய சரக்குகளும் ஏராளம். அவை வாலரின் கைக்கு வந்தன.

அவர் என் செய்தார்? முதலிற் பியானோவில் மெட்டை ஒழுங்காகவும் அழகாகவும் வாசித்துக் காட்டினார். மெட்டில் நன்மை எள்ளளவு இருப்பினும் அதனை முதலில் எடுத்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். காதற்சொல்லைக் குழைந்து தொடங்குவார்; நடுவில் தவளைத் தொண்டைக்கு இறங்குவார்; சீமாட்டிபோற் கீச்சிடுவார்; வரிகளுக்கிடையே குறும்பு பேசுவார்; ஊதுவோரைப் பெயர்சொல்லி விரட்டுவார். 1936-இன் 'இட்ஸ் எ சின் டு டெல் எ லை' என்னும் தட்டைக் கேளுங்கள். பொய்யுரைத்தல் பாவம் என்று காதலிக்கு அறவுரை கூறும் பாட்டு. எழுதியவர் கண்ணீர்விட்டே எழுதினார்போலும். மனமுடைந்தால் மாண்டுபோவேன் என்னுமிடத்தில் வாலர், தாம் மாளுமுன் அவள் தாடையைப் பெயர்க்கப்போவதாக ஒரு சொல்லைச் செருகுகிறார். நயமான பகடியென்று நாம் சொல்லமாட்டோம். எனினும் அவ்விடத்திற் காதற்பாட்டின் போலிக் கண்ணீர் உலர்ந்துவிடுகிறது. அறவுரைக் குரலை அவர் பகடி செய்யும் திறமோ தனி. பிரசங்கியாரின் பிள்ளைக்குப் பிரசங்கம் தெரியாதா!

1939-இன் 'யுவர் ஃபீட்ஸ் டூ பிக்' என்னும் பாட்டு இன்னும் பெயர்பெற்றது. ஒரு பெண்ணின் பாதம் பெரிதாயிருக்கிறது என்பதைத் தவிர அதிற் பொருளேதுமில்லை. வாலர் அதனை நீதிமன்ற வழக்குப்போல் நடத்துகிறார். முடிவில், பாதத்தைப் பாதம் என்று சொல்லாது, பண்டித வைத்தியர் வாயில் வரும் நீண்ட சொற்றொடராற் குறிக்கிறார். புரியாத சொல்லாற் பெரியவனாகும் புலவரை நம் கட்டியக்காரன் எப்படிக் கிண்டல் செய்வானோ அப்படியே.

இத்தட்டுகளில் நகைக்கப்படுவோர் யார்? நன்கு கவனித்தால், பாடுகின்ற கறுப்பினத்தவர் அல்லர் என்பது விளங்கும். இதைப் பாடு என்று கையிற் கொடுக்கப்பட்ட பொய்ச்சரக்கு நகைக்கப்படுகிறது. அதனை மெய்யென்று விற்போர் நகைக்கப்படுகின்றனர். மறுத்துச் சொல்ல இடமில்லாத வேலையை, செய்துகொண்டே மறுத்தார் அவர். இன்னொன்று. வாய் எவ்வளவு கூத்தடித்தாலும் இடக்கை ஒருகாலும் கூத்தடிக்கவில்லை. கத்திக்கொண்டும் கலகலத்துக்கொண்டும் இருக்கும் அதே நொடியில் கீழே அந்த நடை பிசகாமற் போகிறது.

எல்லாத் தட்டும் நன்றென்று நாம் சொல்லவில்லை. ஒரே நாளில் பல பாட்டுகளை அடுத்தடுத்துப் பதிந்தனர். சிலவற்றில் நகை பழக்கத்தினால் வருகிறது; உள்ளத்தினால் வரவில்லை. ஒரே உரத்த கூவலைப் பத்துத் தட்டுகளில் தொடர்ந்து கேட்போர்க்கு அலுப்புத் தட்டும். திரைப்படங்களிற் கண்ட புருவ நெரிப்பையும் நாம் வேண்டுமென்று போற்றவில்லை. கறுப்பினத்தார்க்கு ஏவலாள் வேடமும் கோமாளி வேடமும் அன்றி வேறு வேடம் அருமையாயிருந்த காலம். வாசிக்கச் சென்ற ஊர்களிற் பலவற்றில் அவர்க்குத் தங்க விடுதி கிடைக்காது. உண்ண உணவகம் கிடைக்காது. அவர் வாசிப்பைக் கேட்கக் காசு கொடுத்தவர் பக்கத்தில் அவர் உட்கார முடியாது. அந்தச் சந்தை கேட்ட முகத்தை அவர் கொடுத்தார். கையை விற்கவில்லை.

ஏறக்குறையச் சிரிப்பே இல்லாத பாட்டு ஒன்று 1935 மே மாதத்திற் பதிவாயிற்று. அவர் இயற்றியதன்று, ஜோ யங் எழுத, ஃபிரெட் ஆலர்ட் மெட்டமைத்தது. 'ஐம் கோனா சிட் ரைட் டவுன் அண்ட் ரைட் மைசெல்ஃப் எ லெட்டர்' என்று நீண்ட பெயர். காதலியிடமிருந்து கடிதம் வாராத ஒருவன், தானே அமர்ந்து தனக்கொரு கடிதம் எழுதி, அதனை அவள் எழுதியதாகப் பாவித்துக்கொள்ளப் போகிறான். பொருள் அவ்வளவே. பியானோ மெல்லத் தொடங்குகிறது. குரல் உயர்ந்தெழாது, பக்கத்திலிருப்பவரோடு பேசுவதுபோல் வருகிறது. குறும்பு முற்றும் ஒழியவில்லை. ஆனால் அக்குறும்பு, தன் துயரைப் பிறர் பாராதிருக்க ஒருவன் இழுத்துப் போர்த்துக்கொள்ளும் துணிபோல் இருக்கிறது. கடல்கடந்து வந்து, ஊர்க் கடுதாசிக்காகத் தபாற்காரனை எதிர்நோக்கியிருந்த பாட்டன் பாட்டியர் வழிவந்தவர் நாம். எழுத்தறியாத அவர்கள் பிறர் கையால் எழுதுவித்து, பிறர் வாயாற் படிக்கக் கேட்ட கடிதங்களை நினையாமல் இத்தட்டைக் கேட்டல் அரிது.

ஆனால் அவர் நெஞ்சு கிடந்தது ஆர்கனில். நியூஜெர்சியைச் சேர்ந்த காம்டன் நகரில் விக்டர் கம்பெனியார் பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி ஒலிப்பதிவு மண்டபமாக்கியிருந்தனர். அதிற் பெருங்குழல் ஆர்கன் இருந்தது. 1926 நவம்பரில் வாலர் அங்கு அமர்ந்து 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்பதையும், தாமே இயற்றிய 'லெனாக்ஸ் அவென்யூ புளூஸ்' என்பதையும் வாசித்தார். பியானோவிற் கட்டையைத் தட்டியவுடன் ஒலி எழும். ஆர்கனிற் காற்றுச் சென்று குழலிற் புகுந்து ஒலி பிறக்கச் சற்றுப் பொழுது செல்லும். துள்ளும் இசைக்கு அத்தாமதம் பகை. வாலர் அதனை முன்னரே கணக்கிட்டு, ஒலி வேண்டிய நொடிக்குச் சற்றுமுன் விரலை வைத்தார். மலைபோன்ற கருவி அவர் கையில் ஆடிற்று. தேவாலயத்துக்கு மகனைக் கொடுக்க விரும்பிய தந்தையின் எண்ணம் இப்படியொரு வகையில் நிறைவேறியது; சரக்கு மட்டும் அவர் கேட்டதன்று.

1938-இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் லண்டனில் எச்.எம்.வி. கம்பெனியாருக்காக ஆர்கனிற் சில உருப்படிகள் பதிந்தார். அவற்றுள் 'டீப் ரிவர்', 'கோ டவுன் மோசஸ்' முதலியன உண்டு. அடிமைப்பட்டுப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த முன்னோர் பாடிய பக்திப் பாட்டுகள் அவை. நம் வீடுகளில் முன்னாளிற் சுழன்ற தமிழ்ப்பாட்டுத் தட்டுகளிற் குழல்முன் உட்கார்ந்திருந்த அதே நாய் இத்தட்டுகளிலும் உட்கார்ந்திருக்கிறது. இங்கு வாலர் பேசவில்லை, பாடவில்லை, யாரையும் விரட்டவில்லை. மெட்டைத் தாங்கி மெல்ல நடந்து போகிறார். மறு ஆண்டில் அந்நகரின் ஆறு பகுதிகளின் பெயரால் ஆறு பியானோ உருப்படிகள் கொண்ட 'லண்டன் ஸ்வீட்' என்னும் தொகுதியையும் அங்கே பதிந்தார். ஊர் திரும்பியதும் கம்பெனியார்க்கும் கூட்டத்தார்க்கும் வேண்டியிருந்தது மறுபடியும் நகைப்பாட்டே. 1942-இல் 'ஜிட்டர்பக் வால்ட்ஸ்' என்ற மூன்றெண்ணிக்கைத் தாளத்து உருப்படியை மின்னார்கனிற் பதிந்தார். நான்கெண்ணிக்கையே ஆண்ட ஜாஸ் உலகில் அது புதுமை. அவ்வாண்டு இசைவாணர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்திப் போராடிற்று. தட்டுக் கம்பெனிகளின் கதவு மூடிற்று. 1943-இல் 'ஸ்டார்மி வெதர்' என்னும் படத்தில் தோன்றினார். அவ்வாண்டு டிசம்பரிற் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் நோக்கி ரயிலில் வரும் வழியில், கான்சஸ் சிட்டியருகே, நிமோனியாக் காய்ச்சலால் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 39. ஹார்லத்தில் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. உடல் எரிக்கப்பட்டு, சாம்பல் வானூர்தியிலிருந்து ஹார்லத்தின்மேல் தூவப்பட்டது. 1978-இல் அவர் பாடல்களைக் கோத்து 'ஏன்ட் மிஸ்பிஹேவின்' என்ற பெயரிலேயே நியூயார்க்கில் ஓர் இசைநாடகம் அரங்கேறி அவ்வாண்டின் சிறந்த இசைநாடகத்துக்குரிய டோனி பரிசைப் பெற்றது.

இத்தட்டுகளெல்லாம் இன்று மறுபதிப்பாக எளிதிற் கிடைக்கின்றன. கேட்க விரும்புவோர் 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' என்பதைக்கொண்டு தொடங்குக. முதன்முறை வலக்கை உங்களை இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். மறுமுறை அதனை விடுத்து இடக்கையை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். அடுத்துக் கடிதப் பாட்டு. அதன்பின் லண்டன் ஆர்கன் தட்டுகள். அவற்றை வீடு அடங்கிய இரவிற் கேட்டல் நன்று. நகைப்பாட்டுகளை இவற்றுக்கெல்லாம் பின்னே வையுங்கள். அப்போது அவர் உரத்துச் சிரிக்குமிடங்களில், அச்சிரிப்பின் கீழே அந்தக் கை நடந்துகொண்டிருப்பது கேட்கும்.